என்.எல்.பி. குறித்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கல்லூரியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி ஆண்டுகளில், பெயரில் ‘மொழி’ இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காகக் கோவையில் நடந்த ஒரு வார என்.எல்.பி. பயிற்சி ஒன்றில் சேர்ந்து, முடிவில் சான்றிதழும் வாங்கினேன். அந்தச் சான்றிதழ் அலமாரியில் இருப்பது தெரிந்த நாள் முதல் பழைய மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் உறவுக்காரப் பிள்ளைகளும் ஒரே ஐயங்களை வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்து, என்னால் இயன்ற பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன்.

என்.எல்.பி.ன்னா கம்ப்யூட்டர்ல சாட்பாட் எல்லாம் செய்றாங்களே, அதுதானே சார்?

இல்லை. ஒரே மூன்றெழுத்துச் சுருக்கத்தை இரண்டு துறைகள் வைத்திருக்கின்றன. கணினி மனித மொழியைக் கையாளும் இயல்மொழிச் செயலாக்கம் ஒன்று. மனிதன் தன் எண்ணத்தையும் பேச்சையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ள உதவுவதாகச் சொல்லும் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் மற்றொன்று. இந்தப் பக்கம் இரண்டாவதைப் பற்றியது. பொறியியல் மாணவர் ஒருவர் முதலாவது என்று நினைத்து இரண்டாவதற்குப் பணம் கட்டிவிட்ட கதையை நானே கேட்டிருக்கிறேன்.

பேர்ல நரம்பு, மொழி, புரோகிராமிங் மூணும் இருக்கு. உள்ள என்னதான் இருக்கு?

பெயரை விரித்தால் இப்படி வரும். நாம் உலகைப் புலன்களின் வழியாக நரம்பு மண்டலத்தில் பெறுகிறோம். பெற்றதை மொழியால் வகைப்படுத்துகிறோம். இரண்டும் சேர்ந்து நம் நடத்தையில் சில நிலையான வழக்கங்களை உண்டாக்குகின்றன. அந்த வழக்கங்களை ஒரு நிரலைத் திருத்துவதுபோலத் திருத்தலாம் என்பது இதன் அடிப்படைக் கூற்று. தமிழில் ‘நரம்பு மொழியியல் நிரலாக்கம்’ என்று எழுதுகிறார்கள், ஆனால் அப்படிச் சொல்லி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பெயரில் நரம்பு இருப்பதால் இது நரம்பியல் ஆய்வகத்தில் பிறந்தது என்று எண்ணிவிடக்கூடாது. 1970களின் கலிஃபோர்னியாவில், கணினி எல்லோரையும் கவர்ந்திருந்த காலத்தில், சூட்டப்பட்ட பெயர் இது. உள்ளே இருப்பது மூளையைப் பற்றிய கண்டுபிடிப்பன்று. சில உளவள ஆலோசகர்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டுத் தொகுத்த உத்திகளும், அவற்றின்மீது பிறகு ஏற்றப்பட்ட கோட்பாடுகளும் ஆகும். உத்தியையும் கோட்பாட்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் என் நிலைப்பாடு.

இதை யார் ஆரம்பிச்சது? டாக்டரா?

மருத்துவர்கள் அல்லர். சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ரிச்சர்ட் பேண்ட்லர், அங்கே மொழியியல் கற்பித்த ஜான் கிரிண்டர் ஆகிய இருவர். கெஸ்டால்ட் என்னும் உளச்சிகிச்சை முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் 1970இல் மறைந்தபின், அவருடைய பதிவுகளை எழுத்தாக்கும் வேலை பேண்ட்லரிடம் வந்தது. கேட்டுக் கேட்டுப் பெர்ல்ஸ் பேசும் முறையே அவருக்குப் படிந்துவிட்டது. ‘இது எப்படி நடக்கிறது’ என்று விளக்க ஒரு மொழியியலாளர் தேவைப்பட்டார். கிரிண்டர் அந்த இடத்தை நிரப்பினார்.

குடும்பச் சிகிச்சையாளர் வர்ஜீனியா சாடிர், ஃபீனிக்ஸ் நகரில் இருந்த மனோவசிய மருத்துவர் மில்டன் எரிக்சன் ஆகியோரின் முறைகளையும் இதேபோல ஆராய்ந்தார்கள். எரிக்சனிடம் செல்லும்படி தூண்டியவர், சான்டா குரூஸில் இருந்த மானிடவியல் அறிஞர் கிரெகரி பேட்சன். திறமையானவரின் செயலை நுணுகிக் கவனித்துப் பிறர் கற்கும்படி வடித்தெடுக்கும் இந்த வேலைக்கு ‘மாடலிங்’ என்று பெயர். குருவின் அருகிருந்து பார்த்துப் பழகும் நம் ஊர் நாதசுர மாணவனும் செய்வது இதுதான். ஆனால் பார்த்ததை அவன் எழுதி விற்பதில்லை. இருவரின் முதல் நூல் 1975இல் வெளிவந்தது.

“வரைபடம் நிலம் ஆகாது”ன்னு முதல் நாளே போர்டுல எழுதிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்?

அந்த வாசகம் என்.எல்.பி.க்குச் சொந்தமானதன்று, போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆல்ஃபிரட் கோர்சிப்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் சொன்னது. ஒரே தெருவைத் தபால்காரர் கதவு எண்களாக நினைவில் வைத்திருக்கிறார். ஆட்டோ ஓட்டுநர் பள்ளங்களாக வைத்திருக்கிறார். ஒருமுறை நாய்க்கடி பட்ட சிறுவனுக்கு அந்தத் தெரு மொத்தமும் நாய் நிற்கும் அந்த ஒரு வாசல்தான். மூவரும் பொய் சொல்லவில்லை, மூவரிடமும் தெரு முழுமையாக இல்லை.

இதைப் போன்ற சில முன்கோள்கள் வகுப்பில் அடுக்கப்படும். ‘தோல்வி என்று ஒன்றில்லை, பின்னூட்டமே உண்டு’, ‘ஒவ்வொரு நடத்தைக்கும் பின்னால் ஒரு நல்ல நோக்கம் உண்டு’ என்பன போன்றவை. இவற்றை மெய்ப்பிக்கப்பட்ட உண்மைகளாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் உரையாடலை இணக்கமாகத் தொடங்க உதவும் தற்காலிக நம்பிக்கைகளாக எடுத்துக்கொண்டால் போதும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனின் ‘நல்ல நோக்கத்தை’த் தேடும்படி ஒரு பெண்ணிடம் சொல்வது அறிவீனம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

என் பொண்ணு விஷுவல் டைப்னு டெஸ்ட் வெச்சு சொல்லிட்டாங்க. அப்போ படம் போட்டுத்தான் சொல்லித் தரணுமா?

தேவையில்லை. சிலர் காட்சியாகவும், சிலர் ஒலியாகவும், சிலர் உடலுணர்வாகவும் சிந்திக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒன்று முதன்மையானது, அது அவர்கள் பேசும் சொற்களிலேயே தெரிந்துவிடும் என்பது என்.எல்.பி.யின் பழைய கூற்றுகளில் ஒன்று. இதைச் சோதித்த ஆய்வுகளைக் கிறிஸ்டஃபர் ஷார்ப்லி என்பவர் 1984இலும் 1987இலும் தொகுத்துப் பார்த்து, கூற்றுக்குத் தக்க ஆதரவு இல்லை என்று எழுதினார். அந்தந்த மாணவரின் ‘கற்றல் பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்னும் பரவலான நம்பிக்கையையும் அமெரிக்க உளவியலாளர் நால்வர் 2008இல் ஆராய்ந்து, போதிய சான்றில்லை என்றே முடித்தார்கள். உங்கள் மகளுக்கு நிலப்படம் படமாகவும், செய்யுள் ஒலியாகவும் வேண்டும். அதைத் தீர்மானிப்பது பாடம். பிள்ளையின் வகை அல்ல.

தமிழில் இந்தச் சோதனைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘செய்து பார்க்கிறேன்’, ‘கேட்டுப் பார்த்தேன்’, ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாள் முழுவதும் பேசுகிறோம். இங்கெல்லாம் ‘பார்’ என்பது துணைவினை. முயல்வதைக் குறிக்கிறது, கண்ணைக் குறிக்கவில்லை. ‘தெரியும்’ என்பது அறிவையும் குறிக்கும், கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கும். ஆங்கிலச் சொற்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து எண்ணினால் தமிழர் அனைவரும் விஷுவல் என்றுதான் முடிவு வரும். எங்கள் வகுப்பில் அப்படித்தான் வந்தது. பயிற்றுநர் மிகவும் மகிழ்ந்தார்.

கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தே பொய்யைக் கண்டுபிடிச்சிடலாமாமே மாமா?

வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் தம் இடப்பக்கம் மேலே நோக்கினால் கண்டதை நினைவுகூர்கிறார், வலப்பக்கம் மேலே நோக்கினால் காணாத ஒன்றை உருவாக்குகிறார் என்று ஒரு படம் வகுப்புகளில் தரப்படும். ‘உருவாக்குகிறார்’ என்பதைப் ‘பொய் சொல்கிறார்’ என்று பின்னால் வந்தவர்கள் நீட்டிக்கொண்டார்கள். தொடங்கியவர்களின் கூற்று அதுவன்று. பிரிட்டனில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட மூன்று சோதனைகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை. காணாமற்போன உறவினரைத் தேடித் தரும்படி செய்தியாளர்களிடம் வேண்டியவர்களின் காணொளிகளில், உண்மையாளர்களும் பொய்யர்களும் கண்ணசைவில் வேறுபடவில்லை. கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது என்பது என் தனிப்பட்ட அனுபவம்.

சரி சார், இதுல உருப்படியா ஏதாவது இருக்கா இல்லையா?

இருக்கிறது. எனக்கு அது மெட்டா மாடல். மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் மாற்றிலக்கணத்தில் புதைநிலை அமைப்பு (வாக்கியத்தின் அடியில் இருக்கும் வடிவம்), புறநிலை அமைப்பு (வாயில் வரும் வடிவம்) என்ற இரண்டு உண்டு. மனத்தில் உள்ள முழு அனுபவம் வாய்க்கு வரும்போது சில பகுதிகள் விடுபடுகின்றன, சில பொதுமைப்படுத்தப்படுகின்றன, சில திரிந்துவிடுகின்றன என்று கிரிண்டர் அதை விரித்தார். விடுபட்டதைக் கேள்வியால் மீட்பதே மெட்டா மாடல். மொழியியலாளர் இந்த விரிவாக்கத்தில் குறை காணலாம்; கேள்விகள் மட்டும் அந்தக் குறையால் பயன் இழப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் நின்று, “மதிக்கவே மாட்டேங்கிறாங்க சார்” என்றாள். வாக்கியத்தைப் பாருங்கள்: எழுவாய் தோன்றவில்லை, செயப்படுபொருளும் இல்லை, ‘ஏ’ மட்டும் அழுத்தமாக நிற்கிறது. “யார்?” என்றேன். “எல்லாரும்தான்.” “எல்லாருமா? கடைசியாக யார்?” சற்று நேரம் கழித்து, “அக்கா” என்றாள். “அக்கா என்ன செய்தாள்?” “நான் இன்டர்வியூ பத்திச் சொல்லிட்டே இருக்கேன், அவ போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கிறா.” உலகம் முழுவதும் அவளை மதிக்காமல் இருந்தது, மூன்று கேள்விகளில் ஒரு கைப்பேசி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அறிவுரை எதுவும் நான் சொல்லவில்லை. “அப்போ அவகிட்டயே சொல்லிடுறேன்” என்று அவளே போனாள்.

தமிழில் இதைப் பழக விரும்புவோர் சில இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ‘யாருமே’, ‘எப்பவுமே’, ‘ஒண்ணுமே’ என்று உம்மையும் ஏகாரமும் சேர்ந்து வந்தால் விதிவிலக்கைத் தேடுங்கள். ‘முடியாது’ என்ற சொல் இயலாமையையும் மறுப்பையும் ஒருங்கே சுமக்கிறது, ‘என்னால் முடியாது’ என்பவரிடம், “முடிந்தால் செய்ய விருப்பமா?” என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். ‘போயே ஆகணும்’ என்பவரிடம், “போகாவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்கலாம். ‘உறவு சரியில்லை’ என்பதுபோன்ற பெயர்ச்சொற்களை வினையாக மாற்றிக் கேளுங்கள்: யார், யாரிடம், என்ன செய்கிறார்? ‘ஏன்’ என்ற கேள்வியைக் கூடுமானவரை ஒத்திப்போடுங்கள். அதற்கு விடையாக விவரம் வராது, நியாயம்தான் வரும். ‘எப்படி’, ‘எப்போது’, ‘யார்’ ஆகியவை விவரத்தைக் கொண்டுவரும்.

அப்படின்னா வீட்டுல யாரு பேசினாலும் இப்படியே கேட்கலாமா?

ஒரு வாரத்தில் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பயிற்சி முடித்த சூட்டில் இப்படி எல்லோரையும் குடைபவரை என்.எல்.பி. வட்டாரத்திலேயே ‘மெட்டா மான்ஸ்டர்’ என்று கேலி செய்வார்கள். “நீங்க எப்பவுமே லேட்டு” என்று சொன்ன என் மனைவியிடம், “எப்பவுமேவா?” என்று கேட்டுவிட்டு, அன்றிரவு உப்பில்லாத ரசத்தைப் பேசாமல் குடித்தவன் நான்.

கேட்பதற்கு அனுமதி வேண்டும், குரல் இறங்க வேண்டும். எங்கள் வகுப்பில் கொடுத்த தாளில் ‘குறிப்பாக எப்படி?’ என்று அச்சிட்டிருந்தார்கள். தமிழ்க் காதுக்கு அது காவல் நிலையக் கேள்வி. ‘எப்படின்னு கொஞ்சம் சொல்லேன்’, ‘சொல்லுங்களேன்’ என்று அந்த ஈற்றைச் சேர்த்தால் அதே கேள்வி ஆதரவாக ஒலிக்கும். இந்த ஈற்றுக்கு இணையானது ஆங்கிலத் தாளில் இருக்க வாய்ப்பில்லை.

மில்டன் மாடல்னு ஒண்ணு இருக்கே, அது இதுக்கு எதிர்ப்பக்கமா?

ஆம். மெட்டா மாடல் மங்கலான பேச்சைத் துலக்குகிறது. எரிக்சனின் பெயரால் வழங்கும் மில்டன் மாடல் வேண்டுமென்றே மங்கலாகப் பேசுகிறது, கேட்பவர் தமக்கேற்ற பொருளை நிரப்பிக்கொள்ளட்டும் என்பதற்காக. ‘மூச்சை வெளியே விடும்போது தோள்கள் தளர்வதைக் கவனிக்கலாம், கவனிக்காமலும் இருக்கலாம்’ என்ற வாக்கியத்தில் தோள்கள் தளரும் என்பது கேள்விக்கே வராமல் நுழைந்துவிடுகிறது. “குளிச்சிட்டு சாப்பிடுறியா, சாப்பிட்டுட்டு குளிக்கிறியா?” என்று பிள்ளையிடம் கேட்கும் தாய்மார்கள் எரிக்சனைப் படித்ததில்லை. “சமீபத்தில் உங்களுக்கு வேண்டிய ஒருவரால் மனவருத்தம் ஏற்பட்டிருக்கிறது” என்று தொடங்கும் சோதிடரும் இதே கருவியைத்தான் வைத்திருக்கிறார் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

ரேப்போ வரணும்னா எதிர்ல இருக்கவர் எப்படி உட்கார்றாரோ அப்படியே உட்காரணுமா?

ரேப்போ என்பது இணக்கம். இணக்கம் உள்ள இருவரின் உட்காரும் விதமும் பேச்சு வேகமும் தாமாகவே ஒத்துப்போவது உண்டு. என்.எல்.பி.க்கு வெளியே, 1999இல் சார்ட்ராண்ட், பார்க் என்னும் இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனைகளில், தம் அசைவுகளை மெல்லப் பின்பற்றியவரைப் பங்கேற்பாளர்கள் சற்றுக் கூடுதலாக விரும்பினார்கள். அதைத் தலைகீழாக்கி, ஒத்துப்போனால் இணக்கம் வரும் என்று செயற்கையாகச் செய்வதுதான் மிரரிங். பின்பற்றுவது தெரிந்துவிட்டால் கிண்டல் செய்வதாக ஆகிவிடும்.

நம் ஊரில் இதற்கு ஒரு வரம்பும் உண்டு. நேர்காணலில் எதிரே இருக்கும் மூத்த அதிகாரி கால்மேல் கால் போட்டிருக்கிறார் என்பதற்காக நீங்களும் போட்டால் இணக்கம் வராது, வேலையும் வராது. பேசும் வேகம், இடையில் விடும் அமைதி, அவர் பயன்படுத்தும் சொற்களையே திருப்பிப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் பாதுகாப்பானவை. அவர் ‘மனக்கஷ்டம்’ என்று சொன்னதை நீங்கள் ‘ஸ்ட்ரெஸ்’ என்று மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி எல்லாம் பாடி லாங்குவேஜ்னு சொல்றாங்களே, நீங்க தமிழ் வாத்தியார், ஒத்துக்குறீங்களா?

ஒத்துக்கொள்ளவில்லை, அந்த எண்ணைத் தந்தவரும் ஒத்துக்கொள்ளவில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு வந்தது. தனிச்சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கச் செய்து, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு விருப்பா வெறுப்பா என்று கேட்டார்கள். உணர்ச்சி பற்றிய பேச்சில் சொல்லும் முகமும் முரண்படும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான் என்றால், மலையாளம் தெரியாதவர் மலையாளச் சொற்பொழிவில் 93 விழுக்காட்டைப் புரிந்துகொண்டு திரும்ப வேண்டும்.

ஆங்கரிங் பண்ணினா பரீட்சை பயம் போகுமா?

ஓரளவு உதவலாம். ஓர் உணர்வை ஒரு செயலோடு நங்கூரம்போலப் பிணைப்பதே ஆங்கரிங். செய்முறை இது: நீங்கள் உறுதியாகவும் அமைதியாகவும் இருந்த ஒரு நேரத்தை விவரமாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள், இடம், ஒலி, உடம்பின் நிலை எல்லாம். அந்த உணர்வு உச்சத்தை நெருங்கும்போது, வழக்கத்தில் செய்யாத ஒரு செயலைச் செய்யுங்கள், எடுத்துக்காட்டாகக் கட்டைவிரலால் மோதிரவிரலின் அடிக்கணுவை அழுத்துவது. உணர்வு இறங்கத் தொடங்குமுன் விட்டுவிடுங்கள். இடையில் எழுந்து நடந்து, வேறு எதையாவது எண்ணிவிட்டு, மறுபடி செய்யுங்கள். பிறகு தேர்வறையில் அதே இடத்தை அழுத்துவது.

உணவு தரும்போதெல்லாம் மணி அடித்துப் பழக்கியபின், பாவ்லோவின் நாய்க்கு மணியோசைக்கே எச்சில் ஊறிய கதையே இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பாவ்லோவின் பழக்குதல் பல முறை திரும்பத் திரும்ப நடந்தது. ஒரே அழுத்தலில் நங்கூரம் பாய்ந்துவிடும் என்ற வகுப்பறை வாக்குறுதியை அதோடு ஒன்றாக எண்ண முடியாது. ஒரு மாதம் தினமும் செய்த மாணவன் ஒருவன் பலன் இருந்ததாகச் சொன்னான். அந்த மாதம் அவன் தினமும் படிக்கவும் செய்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சப்மொடாலிட்டி, ஸ்விஷ் எல்லாம் என்ன?

மனத்தில் தோன்றும் படத்தின் அளவு, நிறம், தொலைவு, ஒலியின் உரப்பு போன்ற நுண்கூறுகளை சப்மொடாலிட்டி என்கிறார்கள். திட்டிய மேலாளரின் குரலைக் கார்ட்டூன் குரலாக மாற்றி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதன் கடுமை குறைகிறது. ஸ்விஷ் என்பது வேண்டாத பழக்கத்தைத் தூண்டும் படத்தின் இடத்தில், நீங்கள் விரும்பும் உங்களின் படத்தைச் சட்டென்று விரிய வைத்து, மனத்திரையை வெறுமையாக்கி, வேகமாகப் பல தடவை செய்வது. நகம் கடிப்பதற்கு முயன்று பார்க்கலாம், செலவில்லை. குடிப்பழக்கத்துக்கு இது மருந்தாகாது.

ரீஃப்ரேமிங்னா “எல்லாம் நன்மைக்கே”ன்னு தேத்திக்கிறதுதானே?

இல்லை. தேற்றுவது நிகழ்ச்சியை மூடுகிறது. ரீஃப்ரேமிங் அதை வேறொரு சட்டத்துக்குள் வைத்துக் காட்டுகிறது. வர்ஜீனியா சாடிரைப் பற்றி என்.எல்.பி. வட்டாரத்தில் வழங்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தன் மகள் பிடிவாதக்காரி என்று குறைப்பட்டார் ஒரு தந்தை. அந்தப் பிடிவாதம் உங்களிடமிருந்து வந்ததுதானே, அதனால்தானே நீங்களும் வாழ்வில் உயர்ந்தீர்கள் என்று கேட்டு, நாளை தீய எண்ணத்தோடு ஒருவன் நெருங்கும்போது இதே பிடிவாதம் அவளுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று சாடிர் எண்ணிப் பார்க்கச் செய்தாராம். மகளின் குணம் மாறவில்லை. அது பயன்படும் சூழல் கண்முன் வந்தது.

பத்து நிமிஷத்துல போபியாவைப் போக்கிடுவேன்னு ஒருத்தர் விளம்பரம் போட்டிருக்காரு. நம்பலாமா?

அவர் செய்யப்போவது பெரும்பாலும் இதுவாக இருக்கும்: ஒரு திரையரங்கில் உட்கார்ந்திருப்பதாக எண்ணச் சொல்வார், திரையில் உங்கள் அச்ச நிகழ்ச்சி கறுப்பு வெள்ளையில் ஓடும், அதைப் பார்க்கும் உங்களை நீங்களே பின்னாலிருந்து பார்ப்பீர்கள், முடிந்ததும் படத்தை வேகமாகப் பின்னோக்கி ஓட்டச் சொல்வார். அச்சத்தைத் தொலைவில் நின்று பார்க்கும் இந்த உத்தியிலிருந்து கிளைத்த ஒரு முறை, போர்முனை நினைவுகளால் துன்புறும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் அண்மை ஆண்டுகளில் சிறிய அளவில் சோதிக்கப்பட்டு, நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. அது பயிற்சி பெற்றவர் பல அமர்வுகளில், முன்பின் அளவீடுகளோடு செய்வது.

விரைவாகக் குணமாவது நடக்காத காரியமன்று. ஸ்வீடனின் லார்ஸ் ஓஸ்ட் 1989இல் விவரித்த முறையில், அதிகபட்சம் மூன்று மணி நேரம் ஓடும் ஒரே அமர்வில், சிலந்தி போன்ற ஒரு குறிப்பிட்ட அச்சம் பெரிதும் குறைகிறது. அதற்கு வலுவான சான்றும் உண்டு. அங்கே அச்சப்படும் பொருளைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்கிறார்கள். பல்லிப் பயத்துக்கு விளம்பரக்காரரிடம் போய்ப் பார்ப்பதில் பணம் போவதோடு சரி; விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை பற்றிய நினைவுகளை அவர் தொட விடாதீர்கள்.

மொத்தத்துல, விஞ்ஞான ஆதாரம் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

‘போதாது.’ ஒரு சொல் கேட்டீர்கள், விவரம் இது. அமெரிக்கத் தரைப்படையின் வேண்டுகோளின்பேரில் பல மனித ஆற்றல் உத்திகளை ஆராய்ந்த தேசிய ஆய்வு மன்றத்தின் குழு, 1988இல் வெளியிட்ட அறிக்கையில், என்.எல்.பி.யின் கோட்பாட்டுக்குச் சான்றில்லை என்றது. போலந்தின் தோமாஷ் விட்கோவ்ஸ்கி 2010இல் தொகுத்த 33 சோதனை ஆய்வுகளில் 6 மட்டுமே ஆதரவாகவும், 18 எதிராகவும், 9 தெளிவற்றும் இருந்தன. உடல்நலப் பயன்களைத் தேடிய 2012ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொகுப்பாய்வில் ஏற்கத்தக்க 10 ஆய்வுகளே கிடைத்தன. சான்று மிகக் குறைவு என்று அதுவும் முடித்தது.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். ஐன்ஸ்பிரக், ஃபோர்மன் என்னும் இருவர், இந்த ஆய்வாளர்கள் முறையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு சோதித்ததாக 1985இலேயே வாதிட்டார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் விற்பவர்தான் சரியான சோதனையைக் காட்ட வேண்டும். நாற்பது ஆண்டுகள் அதற்குப் போதுமானவை.

ஆனா எனக்குப் பலன் கிடைச்சுதே சார், அதைப் பொய்ங்கிறீங்களா?

இல்லை. உங்களுக்குக் கிடைத்த பலன் உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் ஐயத்துக்குரியது. சில நாட்கள் வேலையும் வீடும் விட்டு, உங்களைக் கவனமாகக் கேட்கும் முப்பது பேரோடு இருந்தீர்கள்; மாற வேண்டும் என்று பணம் கட்டி வந்தீர்கள்; மனம் மிகத் தாழ்ந்திருந்த நேரத்தில் சேர்ந்ததால் அதன்பின் இயல்பாகவே சற்று ஏறியிருக்கவும் கூடும். மெட்டா மாடல் பற்றிய பதிலில் சொன்ன அந்த மாணவிக்கு நான் செய்ததும், பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தால், குறுக்கிடாமல் கேட்டதுதான். எந்தப் பகுதி உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது. அதைப் பிரித்தறியத்தான், அந்த உத்தியைப் பெறாத ஒரு கட்டுப்பாட்டுக் குழுவையும் வைத்துச் சோதிக்கிறார்கள்.

மாஸ்டர் பிராக்டிஷனர் வரைக்கும் முடிச்சா கவுன்சலிங் சென்டர் வைக்கலாமா?

மாஸ்டர் பிராக்டிஷனர் என்பது என்.எல்.பி. பயிற்சியின் உயர்நிலைச் சான்றிதழ். ஆனால் என்.எல்.பி.க்கு உலகளாவிய ஒரே உரிமம் வழங்கும் அமைப்பு எதுவும் இல்லை. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே நிறுவியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1996இல் பேண்ட்லர் தொடுத்த வழக்கில் 2000இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது, பிறகு இருவரும் இணை உருவாக்குநர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆகவே ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு முத்திரை. நான் பெற்ற சான்றிதழில் தங்கநிற முத்திரை இருக்கிறது, தேர்வு இருந்ததாக நினைவில்லை.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்கள். அதற்குப் பல்கலைக்கழகப் பட்டமும் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். அந்தப் படிப்பை முடித்த ஒருவர் என்.எல்.பி.யின் சில உத்திகளையும் கையில் வைத்திருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஒரு வாரச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பது கூடாது.

எதிராளிக்கே தெரியாம அவர் மனசை மாத்த முடியுமா? சேல்ஸ்ல இருக்கேன், டார்கெட் இருக்கு.

வகுப்பு விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு முடியாது. மில்டன் மாடல் பதிலில் கண்ட தாயின் கேள்வியைப் பிள்ளையும் ஐந்து வயதுக்குமேல் கண்டுகொள்கிறது; வாடிக்கையாளர் அதைவிடப் பெரியவர். “வெள்ளை வண்டி எடுக்கிறீங்களா, சிவப்பா?” என்று நீங்கள் கேட்டால், “இன்னும் முடிவே பண்ணலையே” என்று அவர் எழுந்துபோவார். அவர் பயன்படுத்திய சொற்களைத் திருப்பிச் சொல்லி, விடுபட்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொருத்தமில்லாத பொருளைப் பொருத்தமில்லை என்று சொன்னால் விற்பனை கூடுகிறதா என்று ஒரு மூன்று மாதம் பாருங்கள். கூடாவிட்டால் வந்து என்னைத் திட்டலாம்.

அம்மாவுக்கு ஆறு மாசமா தூக்கமில்ல, அழுதுட்டே இருக்காங்க. டாக்டர்கிட்டப் போனா ஊர்ல தப்பாப் பேசுவாங்க. நீங்க என்.எல்.பி. பண்ணி விடுறீங்களா சார்?

மாட்டேன். இது இயலாமையா மறுப்பா என்று கேட்டால், இரண்டும். ஆறு மாதத் தூக்கமின்மையும் அழுகையும் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், தைராய்டு போன்ற உடற்குறையாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அதற்கும் தயக்கம் இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். அம்மா உயிரை விடுவதுபற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் நாளைவரை காத்திருக்க வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம். ஊர் என்ன பேசும் என்பதைப் பற்றி மட்டும் என்னிடம் கேளுங்கள்: ஊரில் யார், இதுவரை யாரைப் பற்றி, என்ன பேசியிருக்கிறார்கள்?